கைக்கு வந்தது, வாய்க்கு வரவில்லை

1976-இல் விருத்தாசலம் பக்கத்துக் கிராமத்திலிருந்து பி.யு.சி. படிக்கப் போனேன். முதல் நாள் ஆங்கில வகுப்பில் பேராசிரியர் ஒவ்வொருவராக எழுப்பி, எந்த ஊர், அப்பா என்ன செய்கிறார் என்று ஆங்கிலத்தில் கேட்டுக்கொண்டே வந்தார். எஸ்.எஸ்.எல்.சி.யில் ஆங்கிலத்தில் 72 மதிப்பெண் வாங்கியவன் நான். ஆக்டிவ் வாய்ஸைப் பாஸிவ் வாய்ஸாக மாற்றச் சொன்னால் கண்ணை மூடிக்கொண்டு மாற்றுவேன். எழுந்து நின்று "மை ஃபாதர்" என்றேன். அதற்கு மேல் நகரவில்லை. அப்பா குத்தகைக்கு நிலம் பிடித்துக் கடலை போடுகிறவர். அதை எப்படிச் சொல்வது? பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். "சிட் டவுன்" என்றார் பேராசிரியர். அந்த வருஷம் முழுக்க நான் பேசிய ஆங்கிலம் "பிரசன்ட் சார்" மட்டும்தான்.

பிறகு நானே ஆங்கில ஆசிரியராகி, அரசுப் பள்ளிகளில் 33 ஆண்டுகள் வேலை பார்த்தேன். வருஷா வருஷம் என்னைப் போலவே பாதி வாக்கியத்தில் நின்றுபோன பிள்ளைகளைப் பார்த்தேன். கூச்ச சுபாவம் என்று ஒரு பிள்ளையைச் சொல்லலாம். ஊரே அப்படி இருந்தால் அதற்குப் பழைய காரணம் ஏதாவது இருக்க வேண்டும்.

இத்தனைக்கும், ஆரம்பத்தில் ஆங்கிலம் நம்மவர்களின் வாய்க்குத்தான் முதலில் வந்தது. கம்பெனிக்காலச் சென்னையில் வெள்ளைக்காரருக்கும் நெசவாளருக்கும் நடுவில் நின்று வியாபாரம் முடித்தவர்கள் துபாஷிகள். 'இரண்டு மொழிக்காரர்' என்பதே அந்தச் சொல்லின் பொருள். 1754-இல் பிறந்த பச்சையப்ப முதலியார் ஏழைப்பிள்ளை. பௌனி நாராயண பிள்ளை என்ற துபாஷியின் ஆதரவில் வளர்ந்து, தொழிலோடு தொழிலாகக் கணக்கும் ஆங்கிலமும் பழகித் தானும் பெரிய துபாஷியானார். துணிக்கு விலை பேச வேண்டும், சரக்கு எப்போது வரும் என்று சொல்ல வேண்டும். காரியம் முடிந்தால் பேசியது சரி, முடியாவிட்டால் தப்பு. இலக்கணப் பிழைக்கு அங்கே யாரும் சிவப்பு மை தொடவில்லை.

1794-இல் அவர் இறந்தார். அவர் விட்டுப்போன சொத்து நீண்ட காலம் வழக்கில் கிடந்து, பிறகு அந்தப் பணத்தில் 1842-இல் ஒரு பள்ளிக்கூடம் திறந்தார்கள். வேலையோடு மொழி பழகியவரின் காசில், பெஞ்சில் உட்கார்ந்து மொழி படிக்கும் காலம் வந்தது.

அதற்கு முன்பே, 1780களில், பாதிரியார் சுவார்ட்ஸ் தஞ்சாவூர், ராமநாதபுரம், சிவகங்கையில் ஆங்கிலப் பள்ளிகள் நடத்தினார். ஆனால் போக்கு முழுவதும் மாறியது 1844-இல். ஆங்கிலம் படித்தவர்களுக்கே அரசு வேலையில் முன்னுரிமை என்று கவர்னர் ஜெனரல் ஹார்டிஞ்ச் உத்தரவிட்டார். 1857-இல் சென்னைப் பல்கலைக்கழகம் வந்தது. வேலைக்குச் சான்றிதழ், சான்றிதழுக்குத் தேர்வு, தேர்வுக்குத் தாளும் பேனாவும் என்று ஆகிவிட்டது. சர்க்கார் ஆபீஸ் குமாஸ்தாவிடம் கேட்டது, கோப்பைப் படித்து, பிழையில்லாமல் நகல் எடுத்து, "யுவர் மோஸ்ட் ஒபீடியன்ட் சர்வன்ட்" என்று முடிக்கத் தெரிந்த கை. துரைக்கு முன்னால் அவர் வாய் திறக்க வேண்டிய சந்தர்ப்பம் குறைவு. திறந்தாலும் "எஸ் சார்" போதும்.

பேசியவர்கள் இல்லாமலில்லை. 1869-இல் வலங்கைமானில் பிறந்து, திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் தலைமையாசிரியராக இருந்த வி.எஸ். சீனிவாச சாஸ்திரியின் ஆங்கிலத்தைக் கேட்டு வெள்ளைக்காரர்களே அசந்துபோனார்கள். வெள்ளி நாக்குக்காரர் என்று பெயர் வாங்கினார். எங்கள் ஆசிரியர்கள் அவரைப் பற்றிச் சொல்லும்போது கண் விரியும். ஆனால் அந்தப் பெருமை எங்களுக்கு வேறொரு வேலையும் செய்தது. ஆங்கிலம் பேசுவது என்றால் சாஸ்திரி மாதிரிப் பேச வேண்டும், இல்லையேல் சும்மா இருக்க வேண்டும். கச்சேரி மேடை தவிர வேறெங்கும் யாரும் பாடக் கூடாது என்பது போல ஒரு நினைப்பு.

வங்காளத்தில் ஆசிரியப் பயிற்சி தந்துகொண்டிருந்த மைக்கேல் வெஸ்ட் என்ற ஆங்கிலேயர், இந்திய மாணவனுக்குப் பேசுவதைவிட வாசிக்கத் தெரிவதே முதல் தேவை என்று 1926-இல் ஒரு நூலில் வாதிட்டார். அவர் தயாரித்த வாசகப் புத்தகங்கள் பல நாடுகளுக்குப் போயின. பாதியில் படிப்பை விடும் பிள்ளைக்கு வாசிப்பாவது மிஞ்சும் என்பது அவர் கணக்கு. நியாயமான கணக்குதான். வாய் மட்டும் இன்னொரு தலைமுறை காத்திருந்தது.

1952-இல் சென்னை மாநிலத்தில் ஸ்ட்ரக்சுரல் பாடத்திட்டம் வந்தது. இலக்கணத்தைச் சிறு சிறு வாக்கிய அமைப்புகளாக வெட்டி, வரிசைப்படுத்தி, வாய்விட்டுச் சொல்ல வைக்கும் முறை. நான் மூன்றாம் வகுப்பில் கண்டது அதன் வாலை. ஆசிரியர் பேனாவைத் தூக்கிப் பிடிப்பார். "வாட் இஸ் திஸ்?" நாற்பது பேரும் கூரை அதிரக் கத்துவோம்: "திஸ் இஸ் எ பென்!" சத்தத்துக்குக் குறைவில்லை. ஆனால் அது பேனா என்பது ஆசிரியருக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். பதில் யாருக்குமே தேவைப்படாத கேள்வி அது. அப்பா என்ன செய்கிறார் என்று நிஜமான கேள்வி வந்த அன்று நான் ஊமையானதற்கு இதுவும் ஒரு காரணம்.

இந்த முடிச்சை அவிழ்த்துப் பார்த்தவர் என்.எஸ். பிரபு. சென்னை பிரிட்டிஷ் கவுன்சிலில் பணியாற்றியவர். 1979 முதல் 1984 வரை பெங்களூர், சென்னை, கடலூர் போன்ற ஊர்களின் சாதாரணப் பள்ளிகளில் ஒரு சோதனை நடந்தது. இலக்கணப் பாடம் கிடையாது, கூட்டாகக் கத்துவது கிடையாது. ரயில் கால அட்டவணை, வரைபடம், கடிகாரம் என்று ஏதாவது ஒன்றைக் கொடுத்து ஆங்கிலத்தில் ஒரு கணக்குப் போடுவார்கள். எந்த வண்டியைப் பிடித்தால் நேரத்துக்குப் போய்ச் சேரலாம்? முதலில் ஆசிரியர் வகுப்போடு பேசிப் பேசி ஒன்றைச் செய்து காட்டுவார். அடுத்ததைப் பிள்ளைகள் தனித்தனியாகச் செய்ய வேண்டும். விடை சரியா என்பதற்குத்தான் மதிப்பெண். பேச விரும்பாதவரைப் பேசு என்று வற்புறுத்தவில்லை. பொருளில் மனம் பதிந்திருக்கும்போது இலக்கணம் உள்ளே தானாக அமையும் என்பது பிரபுவின் துணிபு.

பிறகு நடந்த மதிப்பீட்டில், பழைய முறைப் பிள்ளைகள் இலக்கண அமைப்புத் தேர்வில் முந்தினார்கள். இந்தப் பிள்ளைகள் மொழியைப் பயன்படுத்தும் தேர்வுகளில் முந்தினார்கள். 1987-இல் பிரபுவின் நூல் வந்தது. இன்று உலகெங்கும் ஆசிரியப் பயிற்சிகளில் பேசப்படும் 'டாஸ்க்' வழிக் கற்பித்தலின் தொடக்கங்களில் ஒன்று நம் பக்கத்துப் பள்ளி வகுப்பறைகள். என்னைப் பொறுத்தவரை, துபாஷி தொழிலோடு மொழி பழகிய அந்தப் பள்ளிக்கூடம் இருநூறு வருஷம் கழித்து மறுபடி திறந்தது.

கடலூர் மாவட்டத்திலேயே வேலை பார்த்த எனக்கு இந்தச் செய்தி 90களில், ஒரு பயிற்சி முகாமின் மதியச் சாப்பாட்டு வேளையில்தான் தெரிந்தது. அடுத்த வாரம் என் எட்டாம் வகுப்புக் கரும்பலகையில் விருத்தாசலத்திலிருந்து நெய்வேலி, வடலூர், குறிஞ்சிப்பாடி வழியாகக் கடலூர் போகும் பேருந்துகளின் நேரத்தை எழுதிப் போட்டேன். குறிஞ்சிப்பாடியில் பத்து மணிக்குக் கல்யாணம், எந்த பஸ்ஸில் போவது என்று ஆங்கிலத்தில் கேட்டு, நானே எட்டரை மணி வண்டியைக் காட்டினேன். மூன்று வருஷமாக என் வகுப்பில் வாயே திறக்காத ஒரு பெண் கடைசி பெஞ்சிலிருந்து எழுந்தாள்.

"நோ சார்! தட் பஸ் நோ ஸ்டாப்!"

நான் திருத்தவில்லை. கரும்பலகையைத் திரும்பிப் பார்த்தேன். அது எக்ஸ்பிரஸ். குறிஞ்சிப்பாடியில் நிற்காது.