மணிபல்லவமும் ஒரு பிரெஞ்சு இசையாக்கமும்

ஈழத்தில் எழுந்த பாளி நூலொன்றின் சில வரிகள், ஆயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு மேற் கழிந்தபின், முதலாம் உலகப் போரின் நடுவே பிரான்சியப் பெண்ணொருவரால் இசையுருப் பெற்றன. லிலி பூலாஞ்சே (1893–1918) 1914க்கும் 1917க்கும் இடையில் அமைத்த ‘பழைய பௌத்த வேண்டுதல்’ என்பதே அவ்வாக்கமாகும். ஏறத்தாழ எட்டு நிமிடங்களே நீளும் இச்சிற்றாக்கம், யாழ்ப்பாணத் தீவகத்தின் பழமையை அறிந்தோரால் நோக்கற்பாலது.

லிலி 1913இல், தமது பத்தொன்பதாம் வயதில், இசைக்குரிய ரோமாபுரிப் பரிசை வென்றார். அதனைப் பெற்ற முதற் பெண்மணி அவரே. குழந்தைப் பருவந்தொட்டு நோய் அவரை வருத்தியது. போர் மூண்டபின், தமக்கையார் நாடியாவுடன் இணைந்து, களஞ்சென்ற இசைக்கலைஞர்க்கு உதவும் குழுவொன்றை அமைத்து நடத்தினார். போர் ஓயுமுன், 1918 மார்ச் 15இல், இருபத்துநான்கு வயதிற் காலமானார்.

அவர் கையாண்ட வாசகம் விசுத்திமக்கத்திலிருந்து சுசான் கார்ப்பெலெஸ் என்னும் அறிஞர் பிரெஞ்சு மொழியிற் பெயர்த்ததாகும். விசுத்திமக்கத்தைக் கி.பி. 5ஆம் நூற்றாண்டில் அநுராதபுரத்து மகாவிகாரையில் இயற்றியவர் புத்தகோசர். அவர் காஞ்சியில் வாழ்ந்தமையை அவர்தம் உரைநூலொன்றின் முடிவுரை குறிக்கின்றது. பெண்டிர், ஆடவர், மேலோர், அல்லாதோர், தேவர், மானிடர், இழிநிலையுற்றோர் என ஒவ்வொரு வகையினரையும் எண்ணி, எல்லாத் திசைகளிலும் உள்ள உயிர்கள் பகையும் துன்பமும் நீங்கி வாழவேண்டுமென அவ்வாசகம் வேண்டுகின்றது. இசையும் இதற்கேற்பக் குழுப்பாடலாய்த் தொடங்கி, இடையே புல்லாங்குழலுக்கும் தனித்த ஆண்குரலுக்கும் இடமளித்து, இறுதியில் யாவரையும் ஒருங்குசேர்க்கின்றது. நாடுகள் தத்தம் வெற்றிக்கே வழிபாடு நிகழ்த்திய காலத்தில், வெற்றியைக் கேளாததும் எதிரியை விலக்காததுமான வேண்டுதலை லிலி தேர்ந்தமை குறிப்பிடத்தக்கது.

இவ்வுணர்வு தமிழுக்குப் புதிதன்று. பீடமொன்றன் பொருட்டு நாகவேந்தர் இருவர் பொருதமையையும், புத்தர் அப்பூசலைத் தீர்த்தமையையும் மணிமேகலை மணிபல்லவத்தில் வைத்துக் கூறும். மகாவம்சம் நாகதீபத்தில் வைத்துக் கூறும். இவ்விரண்டும் நயினாதீவே என்பது அறிஞர் சிலரின் கருத்து, மாறுபடுவோரும் உளர். இன்று அத்தீவில் நாகபூசணி அம்மன் கோயிலும் பௌத்த விகாரையும் அண்மையில் உள்ளன.

எனினும், பூசல் தீர்ந்த கதையைப் பேணிய இக்கடலிலேயே, 1985 மே 15இல், நெடுந்தீவிலிருந்து புறப்பட்ட குமுதினிப் படகிற் பொதுமக்கள் பலர் வெட்டிக் கொல்லப்பட்டனர். இத்தகைய துயரை அறிந்தோர்முன் பகையின்மையை எளிதாகப் பேசிவிட இயலாது. புத்தகோசரும் அதனை எளிதென்றாரல்லர். அன்பைப் பயில்வோன் முதலில் தன்னிடத்தும், பின் அன்புக்குரியோரிடத்தும், நொதுமலரிடத்தும் அதனைச் செலுத்துக என்று கூறி, பகைவனை இறுதியிலேயே வைத்தார். லிலியின் ஆக்கத்திற்கு ‘அகிலம் முழுவதற்குமான அன்றாட வேண்டுதல்’ என்னும் துணைப்பெயரும் உண்டு. ஒருநாளில் முடியாத பயிற்சிக்கு அப்பெயர் பொருத்தமானதே.