மடிக் கணப்பு: தீயின்றி எரியும் அடுப்பொன்றின் வரலாறு

குளிர்நாடுகளில் மாந்தர் தம் உடலோடு ஒட்டிச் சுமந்து திரிந்த நெருப்பைப் பற்றி வரலாற்று நூல்கள் அதிகம் பேசுவதில்லை. வீட்டுக்கு அடுப்பும் கோயிலுக்கு விளக்கும் எப்படியோ வரலாற்றில் இடம்பெற்றுவிட்டன. சட்டைப்பையிலும் மடியிலும் வைத்துக்கொள்ளப்பட்ட சிறு கணப்பு இடம்பெறவில்லை. ஆயினும் உள்ளங்கையில் அடங்கும் அப்பொருளின் பின்னே இலண்டனிலும் யேனாவிலும் நிகழ்ந்த பெரிய ஆராய்ச்சிகளும், யப்பானியரின் பழைய வழக்கங்களும், ஒரு போரின் துன்பமும் இருக்கின்றன. இக்கட்டுரை, பென்சின் என்னும் திரவ எரிபொருளை ஊற்றிப் பலமுறை பயன்படுத்தத்தக்க உலோகக் கணப்பின் வரலாற்றை ஆராய முற்படுகின்றது.

யப்பானிய மொழியில் இதன் பெயர் 'கைரோ' என்பதாகும். 'கை' என்பது மார்புக்கு மேல் ஆடை மடிந்து பைபோல் அமையும் இடத்தையும், 'ரோ' என்பது அடுப்பையும் குறிக்கும். நம்மவர் வேட்டி மடியில் வெற்றிலையையும் காசையும் முடிந்து வைப்பதுபோல, யப்பானியர் கிமோனோ என்னும் உடையின் மார்புமடிப்பிலே பணப்பையையும் கடிதத்தையும் வைத்தனர். குளிர்காலத்தில் அடுப்பையும் வைத்தனர். ஆகவே 'மடிக் கணப்பு' என இதனை மொழிபெயர்ப்பது பொருந்தும். (கணப்பு என்பது குளிர்காய்வதற்கு இடும் நெருப்பு. நெடுநல்வாடையிலே கூதிர்ப் பருவத்து மக்கள் நெருப்பிட்டுக் காய்ந்த சட்டி 'தடவு' எனப்படுகின்றது. ஆயின் அது தரையில் இருந்தது, மடியில் ஏறவில்லை.)

யப்பானில் இவ்வழக்கம் கல்லிலிருந்து தொடங்கியது. மாக்கல் போன்ற மெல்லிய கற்களை நெருப்பிலிட்டுச் சூடாக்கித் துணியில் சுற்றி வயிற்றோடு அணைத்துக்கொள்வர். இதற்கு 'ஒன்யக்கு', அதாவது வெம்மைக்கல், என்று பெயர். தியான மடங்களிலே துறவிகள் இரவுப் பசியை அடக்கும்பொருட்டு இத்தகைய கல்லை மடியில் வைத்திருந்தனர் என்றும், அவ்வழியே எளிய உணவுக்கு 'கைசெக்கி', மடிக்கல், என்னும் பெயர் வந்தது என்றும் மரபாகச் சொல்லுவர். இன்று அப்பெயர் தாங்கிய விருந்துகள் யப்பானில் மிக விலையுயர்ந்தவை என்பது வேறு கதை.

கல்லின் குறை யாவர்க்கும் தெரிந்ததே. அது தான் பெற்ற வெப்பத்தைத் திருப்பித் தருமேயன்றிப் புதிதாக உண்டாக்காது. சிறிது நேரத்தில் ஆறிவிடும். கென்ரொக்கு ஆண்டுகளில் (1688-1704), துளையிட்ட உலோகப் பெட்டியினுள் கரித்தூளை வைத்துக் கனியச் செய்யும் முறை பரவியது. கத்தரிச் செடியின் தண்டு, சணல்வகைச் செடியின் தண்டு முதலியவற்றைச் சுட்டுப் பெற்ற தூளை மெல்லிய தாளில் சுற்றி ஒரு முனையில் பற்றவைத்தால் அது சுவாலையின்றிப் பல மணிநேரம் மெல்லக் கனன்றுகொண்டிருக்கும். பிற்காலத்தில் தோச்சிகி மாகாணம் இத்தொழிலுக்குப் பேர் பெற்றது. அங்கு நாருக்காகச் சணல் பயிரிட்டவர்களுக்கு உரித்தெடுத்தபின் எஞ்சிய தண்டு விலைபெறும் சரக்காயிற்று.

உடலோடு நெருப்பைச் சுமப்பது யப்பானியர்க்கு மட்டும் உரியதன்று. சீனத்தின் மிங் மரபு இறுதிக்காலத்தில் சியாசிங் நகரத்துச் சாங் மிங்சி செய்த செப்புக் கைக்கணப்புகள் அவற்றின் மூடிகள் பொருந்தும் செம்மைக்காகப் புகழப்பெற்றன. காசுமீரத்திலே மிலாறு பின்னிய கூடையினுள் மண்சட்டி பதித்துத் தணல் இட்ட 'காங்கிரி'யை மக்கள் தம் நெடுஞ்சட்டையினுள் வைத்துக்கொண்டு நடக்கின்றனர். இதற்கு அவர்கள் கொடுத்த விலை சிறிதன்று. 1866ஆம் ஆண்டில் சிறீநகரில் மருத்துவப் பணி செய்த எல்ம்சிலி என்பார், அம்மக்களின் தொடையிலும் அடிவயிற்றிலும் தோன்றும் ஒருவகைத் தோற்புற்றுநோயைக் குறித்து எழுதினார். ஆண்டாண்டாகச் சூடுபட்ட தோலிலேயே அது தோன்றிற்று. மடியில் நெருப்பு என்பது நம் பேச்சில் அச்சத்துக்கு ஓர் உவமை; காசுமீரத்திலோ அது நோயாகவே நின்றது. கையைச் சூடாக்க வேண்டும், உடலைச் சுடலாகாது. இந்த இரண்டுக்கும் இடையிலுள்ள ஒடுங்கிய வழியைத் தேடியதே இனி வரும் வரலாறு.

1815இல் சுரங்கத் தொழிலாளர்க்குக் காப்புவிளக்குச் செய்து புகழ்பெற்ற சேர் அம்பிறி டேவி, அவ்விளக்கைச் சீர்ப்படுத்த முயன்றபோது 1817இல் ஒரு புதுமையைக் கண்டார். சூடேற்றிய மெல்லிய பிளாற்றினக் கம்பியை நிலக்கரி வாயுவும் காற்றும் கலந்த கலவையுள் வைத்தபோது, சுவாலை எழாமலே கம்பி வெண்சூடாக ஒளிர்ந்தது. கலவை வெடிக்கவில்லை, எரிந்துகொண்டுமிருந்தது. கம்பியோ தேயவில்லை. சுரங்க வாயுவில் விளக்கு அணைந்துபோனாலும் மேலே தொங்கும் பிளாற்றினச் சுருள் ஒளிர்ந்து தொழிலாளிக்கு வழிகாட்டும் என டேவி எண்ணினார். வெளிச்சத்தை நாடிச் சென்றவர்க்கு வெம்மையின் வழி புலப்பட்டும் அவர் அதன்மேல் நடக்கவில்லை. அவருடைய உறவினரான எட்மண் டேவி 1820இல், நுண்டூளாகிய பிளாற்றினம் மதுசார ஆவி பட்ட அளவில் தானே சூடேறுவதைக் காட்டினார்.

யேனாப் பல்கலைக்கழகத்து இரசாயனப் பேராசிரியர் தோபரைனர் 1823இல், பஞ்சுபோன்ற பிளாற்றினத்தின்மீது ஐதரசன் வாயுவைச் செலுத்தினார். பிளாற்றினம் செந்தணலாகி வாயு தீப்பற்றியது. துத்தநாகத்தையும் கந்தகவமிலத்தையும் கொண்டு ஐதரசனை உண்டாக்கி இவ்வாறு தீமூட்டும் விளக்கொன்றை அவர் அமைத்தார். தீக்குச்சி எளிதிற் கிடையாத அக்காலத்தில் அது ஐரோப்பிய வீடுகளின் மேசைகளில் இடம்பிடித்தது. இவையெல்லாம் ஏன் நிகழ்கின்றன என்பதற்கு ஒரு பெயரேனும் கிடைத்தது பேர்சீலியசு காலத்தில்தான். தான் மாறாமலே பிறவற்றின் மாற்றத்தை விரைவிக்கும் பொருளின் ஆற்றலுக்கு அவர் 1835இல் சூட்டிய பெயரையே இன்று நாம் 'ஊக்கல்' என்கிறோம்.

தோபரைனரின் கண்டுபிடிப்பு 1823. ஒசாக்கா நகரில் மத்தோபா நியிச்சி பிளாற்றினக் கைரோவை விற்கத் தொடங்கியது 1923. சரியாக நூறாண்டு. ஆண்டுகள் ஒத்து நிற்பது தற்செயலே. ஆயினும், உண்மை தெரிந்திருந்தும் ஒரு நூற்றாண்டு ஏன் கழிந்தது என்னும் கேள்வியை அது எழுப்புகின்றது. பொதுவாக, அறிவியல் முன்னே செல்ல மக்கள் வாழ்க்கை சோம்பிப் பின்னே வருகிறது என்று சொல்லிவிடுவர். இங்கு அவ்விளக்கம் போதாது என்பதே எம் கருத்து.

முதலில், எரிபொருள் இல்லை. ஐதரசனை மடியில் வைக்க முடியாது. மதுசாரம் விலையுயர்ந்தது. 1859இல் பென்சில்வேனியாவில் துறேக்கு எண்ணெய்க் கிணறு தோண்டிய பின்னரே பாறையெண்ணெய் பெருவணிகமாயிற்று. அவ்வணிகத்தார் வேண்டியது விளக்கெரிக்கும் மண்ணெண்ணெய். அதனினும் எளிதில் ஆவியாகும் பென்சின் முதலியன அவர்களுக்குத் தொல்லை தந்த கழிவுகளே. ஆடையிலுள்ள எண்ணெய்க் கறையைப் போக்கவே பென்சின் நெடுங்காலம் பயன்பட்டது.

இரண்டாவது, பிளாற்றினம் அருமையானது. அதனைச் சிக்கனமாகப் பரப்பும் வித்தை வேண்டியிருந்தது. அவ்வித்தை கந்தகவமிலத் தொழிலிற் பிறந்தது. பிறிஸ்ரல் நகரத்துப் பெரிகிறின் பிலிப்சு 1831இலேயே பிளாற்றினத்தால் அவ்வமிலத்தை ஆக்க உரிமம் பெற்றார். ஆனால் வாயுவிலுள்ள ஆசனிக்கு முதலிய அழுக்குகள் ஊக்கியை நஞ்சூட்டிக் கெடுத்தமையால், நூற்றாண்டின் இறுதியில் ஜேர்மனியர் வாயுவைத் தூய்மைப்படுத்தக் கற்கும்வரை அம்முறை பெருந்தொழிலாகவில்லை. இழைகளின்மீது மிகச் சிறிதளவு பிளாற்றினத்தைப் படிவித்தலும், தூய எரிபொருளையே அதற்கு ஊட்டவேண்டும் என்ற அறிவும் ஆகிய இரண்டும் இத்தொழிலால் வளம்பெற்றன. கைரோவுக்கும் இவ்விரண்டும் இன்றியமையாதன.

மூன்றாவது காரணம் பொருளியலுமன்று, இரசாயனமுமன்று. மடியில் அடுப்பை வைத்துக்கொள்ளும் மக்கள் வேண்டியிருந்தனர். ஐரோப்பியர் குளிருக்கு வீட்டைச் சூடாக்கினர். மரமும் தாளும் கொண்டு கட்டிய வீட்டில் வாழ்ந்த யப்பானியர் ஆளைச் சூடாக்கினர். கரித்தூள் கைரோவுக்கு நூற்றாண்டுகளாகப் பழகியவர்களிடம் மத்தோபா புதிய பழக்கமொன்றைப் புகுத்த வேண்டியிருக்கவில்லை; பழைய பெட்டியில் உள்ளிருப்பை மாற்றினார். 'கக்கின்' என்றால் யப்பானிய மொழியில் வெள்ளைப்பொன், அதாவது பிளாற்றினம். 'கக்கின் கைரோ' என்பதே அவர் பொருளின் பெயர். மயில் அதன் சின்னம்.

இதன் அமைப்பு எளியது. பித்தளையாற் செய்து மெருகிட்ட தட்டையான கலத்தில் பஞ்சு அடைக்கப்பட்டிருக்கும். சிறு அளவுக்கிண்ணத்தால் பென்சினை ஊற்றினால் பஞ்சு அதனை உறிஞ்சிக்கொள்ளும். கலத்தின் வாயில் பிளாற்றினம் படிந்த இழைமெத்தையொன்று உண்டு. தீக்குச்சிச் சுவாலையை அதன் அருகே சில நொடி பிடித்தல் வேண்டும். நூறு பாகைக்கு மேற்பட்ட சூடு இல்லாவிடின் ஊக்கி விழிப்பதில்லை. பின்னர்ச் சுவாலை எதுவும் கண்ணுக்குத் தெரியாது. மேலெழும் ஆவி பிளாற்றினத்தில் காற்றின் ஒட்சிசனோடு சேர்ந்து காபனீரொட்சைட்டும் நீராவியுமாக மாறுகின்றது. வெம்மை கலத்துக்கு இறங்கி மேலும் ஆவியை எழுப்புகின்றது. துளையுள்ள மூடியை இட்டுத் துணிப்பையில் வைத்துவிட்டால், ஒரு கிண்ணம் ஏறக்குறைய 12 மணிநேரத்துக்கும் இரண்டு கிண்ணம், அதாவது 25 மில்லிலீற்றர், ஒரு நாள் முழுவதற்கும் போதும்.

கணக்கிட்டுப் பார்ப்பின் இதன் சிக்கனம் விளங்கும். 25 மில்லிலீற்றர் பென்சின் தரும் வெப்பம் 180 கிலோகலோரி அளவினது. ஒரு பிடி அரிசியின் உணவுச்சத்துக்கு அவ்வளவே. அதனை ஒருநாள் முழுவதும் பரப்பினால் ஏறத்தாழ 9 உவாற்று ஆகும். ஓய்ந்திருக்கும் மனித உடல் தானே உண்டாக்கும் வெப்பத்தில் இது பத்திலொரு பங்கு. அதே கணக்கின்படி 60 கிராமுக்கு மேற்பட்ட ஒட்சிசனை அது உட்கொள்ளவும் 25 கிராம் அளவு நீரை ஆவியாக வெளிவிடவும் வேண்டும். பொத்தானிட்டு இறுக மூடிய பைக்குள் கைரோ அவிந்துபோவதற்கும், துணிப்பை சில வேளைகளில் ஈரமாவதற்கும் இதுவே காரணம். வாகனங்களுக்கு ஈயம் கலந்து விற்ற பெற்றோலை ஊற்றியவர்கள் சில நாளில் ஊக்கி செத்துப்போகக் கண்டனர்.

அமெரிக்காவிலே மினியாப்பொலிசு நகரத்து அலடின் ஆய்வுகூடத்தார் 'ஜோன்-ஈ' என்னும் பெயரில் இதேவகைக் கருவியைச் செய்தனர். வேட்டையாடுவோரும் உறைந்த ஏரியில் மீன்பிடிப்போரும் அதனை விரும்பினர். கொரியப் போரில் படைவீரரும் வைத்திருந்தனர். 1950 நவம்பர் இறுதியிலும் திசெம்பரிலும் சோசின் நீர்த்தேக்கத்தைச் சூழ்ந்த மலைகளில், இரவுக்குளிர் பூச்சியத்தின்கீழ் 30 பாகையையும் கடந்தது. அமெரிக்க முதலாவது மரீன் பிரிவில் போரிற் பட்டவர்களிலும் மிகுதியாக, 7,000க்கு மேற்பட்டோர், போர்க்காயமின்றியே செயலிழந்தனர். அவர்களிற் பெரும்பாலோர் உறைபனியால் உறுப்புக் கெட்டவர்கள். சீனப் படையினரின் நிலை இதனினும் கொடிது. மெல்லிய துணிச் செருப்போடு வந்தோர் அவர்களுட் பலர். இச்செய்தியோடு சேர்த்துக் கைக்கணப்பைப் புகழ்ந்துரைப்பது எளிது. ஆனால் அது நடுநிலையாகாது. உறைபனி பெரிதும் தாக்கியது கால்களை. இரப்பர் அடியுடைய காலணிக்குள் நடக்கையில் ஊறிய வியர்வை, நின்றவுடன் பனியாயிற்று. சட்டைப்பையில் இருந்த 9 உவாற்று அங்குச் சென்று சேரவில்லை. துப்பாக்கி விசையை இழுக்கும் விரலுக்கு அது உதவியிருக்கும். உலர்ந்த காலுறை ஒன்று அதனினும் பெரிய உதவி.

காங்கிரியின் தீங்கு கைரோவோடு முற்றும் நீங்கியதா? சுவாலையும் தணலும் இல்லை. ஆடை தீப்பற்றும் அச்சம் பெரிதும் குறைந்தது. எனினும் 1947இல் மோரிற்சு, என்றிக்குவே ஆகிய இருவர் வெளியிட்ட ஆய்வு, 44 பாகை என்னும் மிதமான சூடும் ஆறு மணிநேரம் இடைவிடாது தோலைத் தொட்டிருப்பின் புண்ணாக்கும் என நிறுவியது. உறங்குவோர், உணர்ச்சி குன்றிய முதியோர் ஆகியோர்க்கு இது மெய்யான இடர். யப்பானியர் இதனைத் 'தாழ்வெப்ப எரிபுண்' என்பர்; கைரோவோடு உறங்கலாகாது என்று எச்சரிப்பர்.

பென்சின் கைரோவின் வீழ்ச்சி 1978இல் தொடங்கியது எனலாம். அவ்வாண்டில் 'ஒக்கரொன்' என்னும் சிறுபை யப்பானில் விற்பனைக்கு வந்தது. இரும்புத்தூள், உப்பு, நீர், கரி ஆகியவற்றின் கலவை, உறையைப் பிரித்தவுடன் துருவேறத் தொடங்கிச் சூடு தரும். ஊற்றவேண்டுவதில்லை, பற்றவைக்க வேண்டுவதில்லை, வாடையும் இல்லை, ஆறியபின் எறிந்துவிடலாம். சில ஆண்டுகளுள் அதுவே எங்கும் பரவ, பென்சின் கணப்புச் செய்த நிறுவனங்கள் பல மறைந்தன. ஒசாக்காவின் கக்கின் கைரோ மட்டும் இன்றும் செய்யப்படுகின்றது. அமெரிக்காவில் சிகரெட்டு எரிப்பான்களுக்குப் பேர்போன சிப்போ நிறுவனத்தார் 2010இல் இவ்வகைக் கணப்பைத் தம் பெயரில் விற்கத் தொடங்கினர். ஆண்டுதோறும் குப்பையிற் சேரும் இரும்புப் பைகளைக் கண்டு சலித்தோரும், கடுங்குளிரில் அதிக வெம்மையை வேண்டும் மலையேறுவோரும் பழைய கருவியை மீண்டும் நாடுகின்றனர்.

சொல்மட்டும் நிலைத்துவிட்டது. இன்று யப்பானியக் கடையொன்றில் 'கைரோ' என்று கேட்பவர்க்குக் கடைக்காரர் எடுத்துக் கொடுப்பது அந்த இரும்புத்தூட் பையையே.