ஓடிபி வந்த வழி



"கார்டு நம்பர் கொடுத்தாச்சு, பின்னாடி இருக்கிற மூணு எண்ணும் கொடுத்தாச்சு. அப்புறம் எதுக்கு சார் இந்த ஓடிபி?" என்று நம் பழைய மாணவர் குழுவில் ஒருவர் கேட்டிருந்தார். அமெரிக்காவில் இருக்கும் இன்னொருவர், "இங்கே பல கடைகளில் ஓடிபி இல்லாமலேயே பணம் போய்விடுகிறது" என்று எழுதியிருந்தார். இரண்டு வரியில் பதில் சொல்லி முடிக்கிற கேள்வி இல்லை இது. இதன் பின்னால் அறுபது ஆண்டுக்கும் மேலான வரலாறு இருக்கிறது. அதைத் தெரிந்துகொண்டால், அந்த எண்களை ஏன் யாரிடமும் சொல்லக் கூடாது என்பதும் தானாக விளங்கிவிடும்.

1958 செப்டம்பரில் பேங்க் ஆஃப் அமெரிக்கா, கலிஃபோர்னியாவின் ஃப்ரெஸ்னோ நகரத்தில் சுமார் 60,000 பேருக்குக் கிரெடிட் கார்டுகளைத் தபாலில் அனுப்பியது. யாரும் விண்ணப்பிக்கவில்லை, வங்கியே அனுப்பி வைத்தது. அந்த முறை மற்ற ஊர்களுக்கும் பரவியபோது, தபாலில் திருடு போன கார்டுகளை வைத்துக்கொண்டு பலர் கடைகளில் பொருள் வாங்கினார்கள். வங்கிக்குப் பெரிய நஷ்டம்.

அன்றைக்குக் கடைக்காரரிடம் இருந்த முக்கியமான பாதுகாப்பு இரண்டு. ஒன்று, வாடிக்கையாளரின் கையெழுத்து. கார்டை ஒரு சிறு கருவியில் வைத்து இழுத்தால், கார்பன் தாளில் எண் பதியும். அதன் கீழே கையெழுத்து வாங்கி, கார்டில் உள்ள கையெழுத்தோடு ஒப்பிட வேண்டும். இரண்டாவது, காணாமல் போன கார்டுகளின் எண்களை அச்சடித்து அனுப்பும் பட்டியல். 1970களில் காந்தப் பட்டையும் கணினியும் வந்தன. கடையில் இருந்தபடியே வங்கியைக் கேட்டு, "இந்தக் கார்டு செல்லுமா?" என்று சில நொடிகளில் தெரிந்துகொள்ள முடிந்தது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். கார்டு விஷயத்தில் கேள்விகள் இரண்டு. இந்தக் கார்டு செல்லுமா என்பது ஒன்று. இதை நீட்டுகிறவர் இதன் சொந்தக்காரர்தானா என்பது மற்றொன்று. முதல் கேள்விக்குக் கணினி பதில் சொல்லிவிட்டது. இரண்டாவது கேள்விக்குக் கையெழுத்தை விட்டால் வேறு வழி இல்லை. தொலைபேசியிலும் தபாலிலும் பொருள் வாங்கும்போது அந்தக் கையெழுத்தும் இல்லை. எண்ணைச் சொன்னால் போதும், பொருள் வந்துவிடும்.

இந்தக் குறையோடுதான் கார்டு இணையத்துக்குள் நுழைந்தது. 1994 ஆகஸ்ட் 11 அன்று நெட்மார்க்கெட் என்ற சிறு அமெரிக்க நிறுவனத்தின் தளத்தில் ஒருவர் கார்டு எண்ணைக் கொடுத்து, பாடகர் ஸ்டிங்கின் இசைத்தட்டு ஒன்றை வாங்கினார். எண் வழியில் களவு போகாதபடி, சங்கேதமாக மாற்றி அனுப்பப்பட்டது. பிறகு நெட்ஸ்கேப் நிறுவனம் உருவாக்கிய எஸ்எஸ்எல் முறையால் இந்தப் பாதுகாப்பு எல்லாத் தளங்களுக்கும் பரவியது. ஆனால் கடிதத்துக்கு அரக்கு முத்திரை வைத்தால், வழியில் யாரும் பிரிக்க மாட்டார்கள், அவ்வளவுதான். எழுதியவர் யார் என்பதற்கு அரக்கு சாட்சி சொல்லாது. திருடிய எண்ணும் அதே பாதுகாப்போடுதான் கடைக்குப் போய்ச் சேர்ந்தது.

பிறகு கார்டின் பின்புறம் சிவிவி என்ற மூன்று இலக்க எண் அச்சாகி வந்தது. இந்த எண் காந்தப் பட்டையில் இருக்காது; கடைகளும் இதைச் சேமித்து வைக்கக் கூடாது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் நம் கார்டை ஒரு நிமிடம் கையில் வாங்கிப் பார்ப்பவர் இதையும் குறித்துக்கொள்ளலாமே!

1996இல் விசாவும் மாஸ்டர்கார்டும் சேர்ந்து செட் என்ற முறையை அறிவித்தன. கார்டு வைத்திருக்கும் ஒவ்வொருவரும் தம் கணினியில் ஒரு மென்பொருளையும் ஒரு மின்னணுச் சான்றிதழையும் வைத்துக்கொள்ள வேண்டும். பூட்டு நல்ல பூட்டுதான். ஆனால் பூட்டவே அரை நாள் ஆகும் என்றால் யார் பூட்டுவார்கள்? அந்த முறை மக்களிடம் எடுபடவில்லை.

வழி பிறந்தது 2001 வாக்கில். விசா உருவாக்கிய அந்த முறையின் பெயர் த்ரீ-டி செக்யூர். கடைக்காரரின் வங்கி ஒரு தரப்பு, நமக்குக் கார்டு கொடுத்த வங்கி ஒரு தரப்பு, இரண்டையும் இணைக்கும் வலையமைப்பு மூன்றாம் தரப்பு. பணம் செலுத்தும் நேரத்தில் கடை சற்று ஒதுங்கிக்கொள்ளும். நம் வங்கியே திரையில் வந்து, "நீங்கள்தானா?" என்று கேட்கும். நாம் சொல்லும் பதில் கடைக்காரருக்குத் தெரியாது. "ஆம், அவரேதான்" என்ற வங்கியின் சொல் மட்டுமே கடைக்குப் போகும். இதோடு பொறுப்பும் இடம் மாறியது. வங்கி சரிபார்த்து அனுப்பிய பிறகு மோசடி என்று தெரிந்தால், பொதுவாக நஷ்டம் கடைக்கு இல்லை, கார்டு கொடுத்த வங்கிக்கு. ஆகவே வங்கிக்கும் கவனமாகக் கேட்க வேண்டிய அவசியம் வந்தது.

அமெரிக்கக் கடைகள் பல இதைத் தயங்கித்தான் ஏற்றன. கூடுதலாக ஒரு கேள்வி கேட்டால் வாங்க வந்தவர் பாதியில் போய்விடுவாரோ என்ற பயம். அங்கே அதைக் கட்டாயமாக்கும் சட்டமும் இல்லை. கிரெடிட் கார்டு திருட்டில் வாடிக்கையாளரின் பொறுப்பு 50 டாலருக்கு மேல் போகாது என்று சட்டம் இருப்பதால், நஷ்டத்தைப் பெரும்பாலும் வங்கியும் கடையும்தான் சுமக்கின்றன. அமெரிக்காவிலிருந்து எழுதியவருக்கு இதுதான் பதில்.

நம் ரிசர்வ் வங்கி வேறு முடிவெடுத்தது. 2009 பிப்ரவரியில் ஓர் உத்தரவு பிறப்பித்தது. இணையத்தில் கார்டு மூலம் பணம் செலுத்தும்போது, கார்டின் மேல் அச்சாகாத ஏதாவது ஒரு தகவலைக் கொண்டும் சரிபார்க்க வேண்டும் என்பதே அதன் சாரம். 2009 ஆகஸ்ட் 1 முதல் அது நடைமுறைக்கு வந்தது. முதலில் பலர் நிலையான கடவுச்சொல் வைத்திருந்தார்கள். அது ஒருமுறை திருடு போனால் திரும்பத் திரும்பப் பயன்படும். பிறகு கைபேசிக்கு வரும் ஓடிபி பரவியது. அது ஒரே ஒரு பரிவர்த்தனைக்குத்தான். சில நிமிடங்களில் செத்துவிடும். எண்ணைத் திருடியவன் நம் கைபேசியையும் திருடினால்தான் காரியம் நடக்கும்.

இந்த விதியைச் சுற்றிப் போகவும் வழி தேடினார்கள். ஊபர் நிறுவனம் வெளிநாட்டு வழியாகக் கட்டணம் வாங்கியதால், இங்கே கார் பயணம் முடிந்ததும் ஓடிபி இல்லாமலே பணம் போனது. இந்தியாவுக்குள் நடக்கும் வியாபாரத்துக்கு இந்திய விதியே பொருந்தும் என்று 2014 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி கண்டிப்பாகச் சொன்னது. ஐரோப்பிய ஒன்றியம் இதைப் போன்ற விதியை 2019 செப்டம்பரில்தான் கொண்டு வந்தது. இந்த ஒரு விஷயத்தில் நாம் பத்தாண்டு முந்திவிட்டோம்.

பிரிட்டனில் 2006இல் கடைகளில் பின் எண் கட்டாயமானபோது, திருடர்கள் கடையை விட்டு இணையத்துக்கும் தொலைபேசிக்கும் நகர்ந்தார்கள். ஒரு வளையை அடைத்தால் எலி வேறு வளை தோண்டும். இங்கே ஓடிபி வந்ததும் திருடன் கணினியை விட்டுவிட்டு நம்மிடமே வந்துவிட்டான். "பேங்க்லேர்ந்து பேசுறோம், உங்க கார்டு பிளாக் ஆகப் போகுது, வந்திருக்கிற நம்பரைச் சொல்லுங்க" என்கிறான். பூட்டை உடைக்க முடியாதவன் சாவியைக் கேட்கிறான்.

ஓடிபி என்பது அந்தக் காலத்துக் கையெழுத்தேதான். அதைச் சொல்வது வெற்றுத் தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பதற்குச் சமம். வங்கி ஊழியர் அதைக் கேட்க வேண்டிய தேவையே இல்லை. கேட்பது வங்கியின் திரை. பதில் சொல்வது நம் விரல். நடுவில் எந்த மனிதருக்கும் இடம் இல்லை. அந்தக் குறுஞ்செய்தியில் தொகையும் கடையின் பெயரும் இருந்தால், அவற்றையும் படித்துப் பார்த்த பிறகே எண்ணை இடுங்கள்.

2017 ஜூலையில் ரிசர்வ் வங்கி வெளியிட்ட சுற்றறிக்கையையும் சொல்லிவிடுகிறேன். நம் மீதும் வங்கி மீதும் தவறில்லாமல் வேறெங்கோ தகவல் கசிந்து பணம் போயிருந்தால், வங்கியின் தகவல் வந்து 3 வேலை நாட்களுக்குள் தெரிவித்துவிட்டால் நமக்கு நஷ்டம் இல்லை. ஆனால் ஓடிபியை நாமே சொல்லியிருந்தால், வங்கியிடம் தெரிவிக்கும் வரை போன பணம் முழுவதும் நம் நஷ்டம்தான். தெரிவித்த பிறகு போவது வங்கியின் பொறுப்பு. ஆகவே ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். உடனே வங்கிக்குச் சொல்லுங்கள். 1930 என்ற எண்ணுக்கும் அழையுங்கள். ஒவ்வொரு நிமிடமும் பணம்.

பிள்ளைகளே, இதை நீங்கள் படித்தால் மட்டும் போதாது. ஓய்வூதியப் பணத்தை வங்கியில் வைத்துக்கொண்டு வீட்டில் தனியாக இருக்கும் அப்பா அம்மாவுக்கு, அத்தை மாமாவுக்கு ஒருமுறை வாசித்துக் காட்டுங்கள். சந்தேகம் இருந்தால் கீழே கேளுங்கள், தெரிந்தவரை பதில் சொல்கிறேன்.

எல்லோரும் நலமாக இருங்கள்.