காலி வீட்டுக்குப் பேர் வைத்தவர்கள்

தரங்கம்பாடின்னா உங்களுக்கு டேனிஷ்காரங்க கட்டின கோட்டையும் சீகன்பால்குவின் அச்சகமும் ஞாபகம் வரும். ரெண்டையும் இன்னிக்கு நான் தொடப் போறதில்லை. அதே ஊர்லேர்ந்து கப்பலேறிப் போன சங்கு, சோழி, நத்தை ஓடுகளைப் பத்திப் பேசலாம்னு இருக்கேன். கேட்கச் சின்ன விஷயமாத்தான் இருக்கும். கொஞ்சம் பொறுங்க.

முதல்ல இடம். 1620-ல் தஞ்சை ரகுநாத நாயக்கர் டென்மார்க்குக்கு இந்தக் கடலோர ஊரில் வியாபாரம் செய்ய இடம் கொடுத்தார். 1845-ல் அவங்க அதை ஆங்கிலேயருக்கு வித்துட்டுப் போனாங்க. நடுவுல இருந்த 225 வருஷத்தில், காவிரிக் கழிமுகத்தின் இந்த மூலை ஐரோப்பாவின் இயற்கை அறிவியலுக்கு ஒரு ஜன்னலா இருந்தது. 1768-ல் யோஹான் கெர்ஹார்ட் கோனிக் என்ற மருத்துவர் இங்கே வந்து இறங்கினார். உயிர்களுக்கு ரெட்டைப் பேர் வைக்கிற முறையைக் கொண்டுவந்த லின்னேயஸின் நேரடி மாணவர் அவர். மூணு வருஷம் கழிச்சு, 1771-ல் கிறிஸ்டோஃப் சாமுவேல் ஜான் என்ற பாதிரியார் வந்தார். 1813-ல் தரங்கம்பாடியிலேயே இறந்தார். நாற்பது வருஷத்துக்கு மேல இருந்த அவர் மீன், ஓடு, செடின்னு கையில கிடைச்சதையெல்லாம் பெட்டி கட்டி அனுப்பிக்கிட்டே இருந்தார்.

ஒரு சின்ன கிளைக்கதை சொல்லிடறேன். நம்ம மீன் மார்க்கெட்ல கத்தாளைன்னு விக்கிறாங்க இல்லையா, அதில் ஒரு வகையின் அறிவியல் பெயர் ஜானியஸ் கருத்தா. ஜானியஸ் என்பது நம்ம ஜான் பாதிரியார். கருத்தா? ‘கருத்த கத்தாளை’யில் இருக்கிற அதே ‘கருத்த’தான். பெர்லினில் இருந்த மீனியலாளர் பிளாக், தரங்கம்பாடிக்காரங்க சொன்ன பேரை அப்படியே எடுத்து லத்தீனுக்குள்ள வச்சுட்டார். யாரோ ஒரு மீனவர் வாயிலிருந்து வந்த சொல் இன்னிக்கும் உலகம் முழுக்க ஆய்வுக் கட்டுரைகளில் ஓடுது. அந்த மீனவர் பேர் மட்டும் எங்கேயும் இல்லை.

சரி, ஓடுகளுக்கு வருவோம். மீனை அனுப்பினா முழு மீன் போகும். நத்தையை அப்படி அனுப்ப முடியாது. ஐரோப்பாவுக்குக் கப்பல் போய்ச் சேர மாசக்கணக்காகும். உள்ளே சதை இருந்தா பெட்டி மொத்தமும் நாறிடும். வாங்கறவங்களுக்கும் வேண்டியது அழகான, பளபளப்பான ஓடுதான். அதனால உயிரை எடுத்து எறிஞ்சுட்டு, வீட்டை மட்டும் அனுப்பினாங்க. கோபன்ஹேகனில் ராணுவ முகாமின் பாதிரியா இருந்த கெம்னிட்ஸ் அந்த ஓடுகளைப் பார்த்து, வண்ணப் படங்களோட பெரிய பெரிய தொகுதிகளா வெளியிட்டார். ஆனா லின்னேயஸ் சொன்ன ரெட்டைப் பேர் முறையை அவர் ஒழுங்கா பின்பற்றலை. 1791-ல் கிமெலின் என்ற ஜெர்மன் பேராசிரியர் லின்னேயஸின் நூலைப் புதுப்பிச்சப்போ, கெம்னிட்ஸ் படங்கள் பலதுக்கு அவர்தான் முறையான பேர் வச்சார். பாறையில் ஒட்டி வாழற காந்தாரஸ் ட்ராங்குபாரிகஸ் என்ற நத்தையின் பேரில் இருக்கிற தரங்கம்பாடி அவர் சூட்டினது. கிமெலின் தரங்கம்பாடிக்கு வந்ததே கிடையாது. 1798-ல் இன்னொருத்தர் கடலோர மணலில் புதைஞ்சு வாழற நத்தை ஒண்ணுக்கு புல்லியா ட்ராங்குபாரிகான்னு வச்சார். நம்ம ஊர் பேர் இப்படி லத்தீனாச்சு.

இதுல என்ன கெட்டுப்போச்சுன்னு கேட்கலாம். ஓடு மட்டும் வச்சுக்கிட்டு உறவுமுறை சொல்றது, பூட்டின வீட்டோட வாசல் டிசைனைப் பார்த்து உள்ளே இருக்கிறவங்க யாருக்குச் சொந்தம்னு சொல்ற மாதிரி. பிரெஞ்சுக்காரர் அதான்சன் 1757-லேயே, செனகல் கடற்கரையில் இருந்துட்டு வந்து, உள்ளே இருக்கிற உயிரையும் பார்க்கணும்னு வாதாடினார். பெரிசா யாரும் காதில் வாங்கலை. வீட்டு அலமாரியில் வைக்க உயிர் தேவைப்படலையே!

இந்த முறை எங்கே மோசமா வழுக்கி விழுந்ததுன்னா, பவளத்தில் வாழற நத்தைகள்கிட்ட. மஜிலஸ்னு ஒண்ணு இருக்கு. குட்டியா இருக்கும்போது சாதாரண சுருள் நத்தை. ஒரு பவளத்து மேல வந்து உட்காரும். பவளம் வளரும், நத்தையை மூடப் பார்க்கும். நம்ம தெருவில் ரோடு மேல ரோடு போட்டு வீடெல்லாம் பள்ளத்துல போகுதில்லையா, அதேதான். நத்தை என்ன செய்யும்? தன் ஓட்டின் வாயை ஒரு குழாயா நீட்டி, பவளத்தின் மேல்மட்டத்தோட சேர்ந்து மேலே வரும். பின்னாடி காலியான பழைய அறைகளைச் சுண்ணாம்பால் கெட்டியா அடைச்சுடும். கடைசியில் கையில் கிடைக்கிறது சுருளே தெரியாத ஒரு கல் குழாய். ஓட்டை மட்டும் பார்த்த பெரிய அறிஞர் லமார்க், 1818-ல் அதைக் குழாய்ப் புழுக்களோட சேர்த்துட்டார்! லமார்க்கைக் கேலி பண்ண எனக்கு மனசு வரலை. அவர் மேசைக்கு வந்தது அவ்வளவுதான்.

அப்புறம் 19-ஆம் நூற்றாண்டில் உடலை அறுத்துப் பார்க்க ஆரம்பிச்சாங்க. பாரிஸில் கூவியே மெல்லுடலிகளின் உள்ளுறுப்புகளை வரைஞ்சார். 1856 முதல் ஜெர்மனியில் ட்ரோஷெல் நத்தைகளின் நாக்கை வச்சே குடும்பம் பிரிச்சார். நத்தை நாக்கு நம்ம நாக்கு மாதிரி இல்லை. தேங்காய்த் துருவி மாதிரி வரிசை வரிசையாப் பல் பதிச்ச ஒரு நாடா. புல் மேயறதுக்கு ஒரு பல், அடுத்த சிப்பியில் ஓட்டை போட வேற பல். அருமையான யோசனை.

இங்கேயும் பவள நத்தைகள் கையை விரிச்சிடுச்சு. கொரலியோஃபிலான்னு ஒரு கூட்டம். பேருக்கே ‘பவளத்தை விரும்பறது’ன்னுதான் அர்த்தம். அதுங்களுக்குப் பல் நாடாவே கிடையாது. பவளத்தின் மென்மையான சதையில் உறிஞ்சுகுழலை வச்சு உறிஞ்சறதுக்குப் பல் எதுக்கு? ஊதா நிற வாய் உள்ள வயலேசியா என்ற இனம் ஆணாத் தொடங்கி, பெரிசானதும் பெண்ணா மாறும். முட்டைப் பைகளைத் தன் ஓட்டுக்குள்ளேயே வச்சுக் காக்கும். இதில் ஒரு வரியாவது காலி ஓட்டில் எழுதியிருக்குமா? இன்னிக்கு மரபணுவைப் பார்த்து, இதுங்க பல்லை இழந்த முள்ளுச் சங்குக் குடும்பத்துச் சொந்தங்கள்தான்னு வகைப்படுத்தியிருக்காங்க. 2011-ல் நெதர்லாந்துக்காரங்க ரெண்டு பேர், காளான் வடிவப் பவளங்களுக்குள்ள வாழற நத்தைகளின் மரபணுவைப் பார்த்து, ஓட்டால் பிரிச்சே சொல்ல முடியாத 14 இனங்களை அடையாளம் கண்டாங்க. ஏறக்குறைய ஒவ்வொண்ணுக்கும் தனித்தனிப் பவள வீடு.

நம்ம பக்கம் யாரும் யோசிக்கலையான்னா, தொல்காப்பியத்தின் மரபியல் உயிர்களைப் புலன் எண்ணிக்கையை வச்சுப் பிரிக்குது. நத்தையும் சிப்பியும் அதில் ஈரறிவு உயிர்கள். தொடுதலும் சுவையும் உண்டு, அவ்வளவுதான். கடல் நத்தைகள் தண்ணியில் வாசனை பிடிச்சு இரை தேடும்னு இப்போ தெரியும், அதனால கணக்கைத் திருத்தணும். ஆனாலும் கேள்வி எனக்குப் பிடிச்சிருக்கு. ஓடு என்ன வடிவம்னு கேட்கலை. உள்ளே இருக்கிறதுக்கு என்ன உணர முடியும்னு கேட்டிருக்காங்க.

இப்போ ஒரு முரண். தரங்கம்பாடியில் பவளப்பாறையே கிடையாது. பவளத்துக்குத் தெளிஞ்ச தண்ணி வேணும், வெயில் வேணும், ஏன்னா அதன் உடலுக்குள்ள வாழற பாசிதான் அதுக்குச் சோறு போடுது. காவிரி கொண்டுவர்ற வண்டல் கலங்கல்ல அது மூச்சு முட்டிச் சாகும். தஞ்சாவூர் வயலுக்கு எது உயிரோ, அது பவளத்துக்கு எமன். நேர்கோட்டில் சுமார் 200 கிலோமீட்டர் தெற்கே, மண்டபம், ராமேஸ்வரம் பக்கம் போனாத்தான் பவளம். அங்கேர்ந்து தூத்துக்குடி வரைக்கும் மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள். அதுதான் 1986-ல் தேசியப் பூங்கா ஆச்சு. அதுக்கு முன்னாடி அந்தப் பவளத்தை வெட்டிச் சுவர் கட்டினாங்க, சுண்ணாம்பு சுட்டாங்க. ஒவ்வொரு கல்லோடும் உள்ளே இருந்த குடித்தனக்காரங்களும் சூளைக்குத்தான் போயிருப்பாங்க. 2001-ல்தான் கல்பவளங்கள் வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணைக்கு வந்தது. 2010-லும் 2016-லும் கடல் சூடேறி அங்கே பவளங்கள் பெரிய அளவில் வெளுத்துப்போச்சு. ஒரே வகைப் பவளத்தில் மட்டும் வாழற நத்தைக்கு அது வெளுத்தா வேற முகவரி கிடையாது. ஓடு கீழே விழும், மணலில் உருளும்.

இதுக்காகத் தரங்கம்பாடி போனப்போ கரையில் ஒதுங்கின ஓடு ஒண்ணை எடுத்துட்டு வந்தேன். கட்டைவிரல் அளவு, பழுப்பு நிறம். என்ன இனம்னு படங்களோட ஒப்பிட்டுப் பார்த்தேன். ரெண்டு பேருக்கு நடுவில் முழிச்சுக்கிட்டிருக்கேன். உள்ளே மணல்தான் இருந்தது.