உடலில் நஞ்சைத் தேடிய கதை

திண்டுக்கல் மாவட்டத்தில் ஒட்டன்சத்திரம், வேடசந்தூர் பக்கம் போனால் தோட்டங்களில் பந்தலில் படர்ந்திருக்கும் செங்காந்தளைப் பார்க்கலாம். தமிழ்நாட்டின் மாநில மலர். உழவர்கள் இதைக் கண்வலிக்கிழங்கு என்பார்கள். இதன் விதையிலிருந்து எடுக்கும் கோல்சிசின் ஒருவகை மூட்டு வாதத்துக்கு மருந்து. அதே கோல்சிசின் கிழங்கிலும் உண்டு. கிழங்கைத் தின்றவருக்குச் சில மணி நேரத்தில் வாந்தியும் பேதியும் தொடங்கும். பார்ப்பவருக்குக் காலரா போலவே தோன்றும்!

நஞ்சு ஆய்வின் வரலாற்றில் பெரிய சிக்கலே இந்தக் குழப்பம்தான். வெள்ளைப் பாஷாணம் எனப்படும் ஆர்சனிக்கும் இதே வாந்தி பேதியைத்தான் உண்டாக்கும். காலரா ஊர் ஊராகப் பரவிய 19-ஆம் நூற்றாண்டில், ஒருவர் நோயால் இறந்தாரா, சோற்றில் கலந்த பாஷாணத்தால் இறந்தாரா என்று எப்படிச் சொல்வது? கொலையாளி எளிதில் தப்பலாம். சமைத்துப் போட்ட அப்பாவி மீது வீண்பழியும் விழலாம்.

1836-ல் இங்கிலாந்தின் ஜேம்ஸ் மார்ஷ் ஒரு வழி கண்டார். சந்தேகப்படும் பொருளைத் துத்தநாகத்துடனும் அமிலத்துடனும் சேர்த்தால், ஆர்சனிக் வாயுவாக வெளியேறும். அந்த வாயு செல்லும் கண்ணாடிக் குழாயைச் சூடாக்கினால் உள்ளே பளபளப்பான கரும்படலம் படியும். தாவர நஞ்சுக்கு இது உதவாது. பெல்ஜியத்தின் ஸ்டாஸ் 1850-51-ல் ஒரு கொலை வழக்கில், இறந்தவரின் உள்ளுறுப்புகளிலிருந்து நிகோடினைப் பிரித்துக் காட்டினார்.

நம் நாடும் பின்தங்கவில்லை. 1849-லேயே சென்னையில் ரசாயனப் பரிசோதகர் ஆய்வகம் தொடங்கியது. இந்தியாவில் இதுவே முதல். கல்கத்தா (1853), ஆக்ரா (1864), பம்பாய் (1870) எல்லாம் பிறகுதான். இன்றைய தமிழகத் தடய அறிவியல் துறையின் வேர் இதுவே. இப்போது மதுரை போன்ற நகரங்களிலும் வட்டார ஆய்வகங்கள் உள்ளன.

பிரேதப் பரிசோதனையில் இரைப்பை, குடல், கல்லீரல், சிறுநீரகத்தின் பகுதிகளைச் செறிந்த உப்புக் கரைசலில் போட்டு, பாட்டிலை முத்திரையிட்டு ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள். ரத்தத்தில் சோடியம் ஃப்ளோரைடு சேர்ப்பார்கள். முத்திரை உடைந்து வந்தால் சந்தேகமும் கூடவே வரும். பரிசோதகரின் அறிக்கையைச் சாட்சியமாக ஏற்க 1898-ஆம் ஆண்டு குற்றவியல் நடைமுறைச் சட்டமே வழி செய்தது. 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள புதிய சட்டத்திலும் அந்த ஏற்பாடு தொடர்கிறது.

ஆனால் ஆய்வகம் "நஞ்சு இல்லை" என்றால், நஞ்சே கொடுக்கப்படவில்லை என்று பொருளா? இல்லை. எதைத் தேடுகிறோமோ அதுதான் கிடைக்கும். ஒடுவன்தழை, அரளி போன்ற நம் ஊர்ச் செடிகளை அறியாத ஆய்வாளர் கையில் நஞ்சு தப்பிவிடலாம். அனந்த் சிந்தாமன் லாகு வழக்கில் உடலில் நஞ்சு எதுவும் கிடைக்கவில்லை. ஆனாலும் சூழ்நிலைச் சாட்சியங்களை வைத்து 1959-ல் உச்ச நீதிமன்றம் தண்டனையை உறுதி செய்தது.

2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் சாராயம் குடித்து 60-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். அப்போதும் வாந்தி, வயிற்று வலி என்றுதான் மருத்துவமனைக்கு வந்தார்கள். காரணம் மெத்தனால் என்று உறுதி செய்தது ஆய்வகப் பரிசோதனை.

அறிகுறி பல காரணங்களால் வரலாம். எது உண்மைக் காரணம் என்று இறந்தவரால் சொல்ல முடியாது. அவருக்காகப் பேசுவது அந்த முத்திரையிட்ட பாட்டில்தான். அதை ஒழுங்காக நிரப்புவதும், பத்திரமாகக் கொண்டு சேர்ப்பதும், எதைத் தேடுவது என்று அறிந்து சோதிப்பதும் உயிரோடு இருப்பவர்களின் கடமை.