இருப்புப்பாதை வரைபடமும் ஊராரும்

கிள்ளான் பள்ளத்தாக்கில் முதன்முதல் புகைவண்டி ஓடியது 1886-ஆம் ஆண்டு செப்டம்பரில். கோலாலம்பூரிலிருந்து புக்கிட் கூடா வரை சென்ற அப்பாதை, ஆற்றின்மேல் பாலம் அமைந்ததும் 1890-இல் கிள்ளானை அடைந்தது. பின்னர், 1901-இல் திறக்கப்பெற்ற சுவெட்டன்ஹாம் துறைமுகத்தோடும் இணைந்தது. ஈயத்தைக் கடலுக்குக் கொண்டு சேர்ப்பதே நோக்கம். ரெசிடெண்டும் சுரங்க முதலாளிகளும் திட்டத்தை முன்னரே அறிவர். மண் சுமந்த தொழிலாளிக்கோ மண்வெட்டியைக் கையில் கொடுத்த அன்றுதான் தெரிந்திருக்கும்!

ஏறக்குறைய நூற்றிருபத்தைந்து ஆண்டுகளுக்குப் பின் வந்த 2010-ஆம் ஆண்டின் தரைப் பொதுப் போக்குவரத்துச் சட்டத்தின் முறை வேறு. இரயில் திட்டத்தை மூன்று மாதம் பொதுமக்கள் பார்வைக்கு வைத்துக் கருத்துக் கேட்க வேண்டுமென்பது விதி. சுங்கை பூலோ–காஜாங் பாதையின் வரைபடங்கள் 2011 பிப்ரவரி 14 முதல் மே 14 வரை வைக்கப்பட்டன. ஆயினும் அவ்வாண்டிலேயே ஜாலான் சுல்தான் கடை உரிமையாளர்கள், தம் நிலம் எடுக்கப்படுமென்று அறிந்து கொதித்தெழுந்தனர். கோட்டைக் காண்பது ஒன்று. அக்கோட்டினால் எவர் மனை போகும் என்றறிவது மற்றொன்று.

ஆசிரியப் பயிற்சியில் நாங்கள் கற்ற பாடம் ஒன்றுண்டு. வரைபடம் கற்பிக்கையில் முதலில் வகுப்பறை, அடுத்துப் பள்ளி, பிறகு ஊர், அதன்பின்னரே மாவட்டம். திட்ட அதிகாரிகளோ மாவட்டத்தில் தொடங்கி மாவட்டத்திலேயே நின்றுவிடுகின்றனர்.

நமக்கு அண்மையிலுள்ள சான்று, பண்டார் உத்தாமாவிலிருந்து ஜொஹான் செத்தியா வரையிலான இலகு இரயில் பாதை. 2015-இல் அதன் வரைபடம் மக்கள் பார்வைக்கு வந்தது. 2018-இல் செலவு 3,165 கோடி ரிங்கிட்டிலிருந்து 1,663 கோடியாகக் குறைக்கப்பட்டது. பண்டார் போத்தானிக் உட்பட ஐந்து நிலையங்கள் கைவிடப்பட்டன. 2023-இல் அவை மீண்டும் சேர்க்கப்படுமென அறிவிப்பு வந்தது. எட்டாண்டில் மும்முறை உருமாறிய திட்டத்தை ஒருமுறை காட்டிவிட்டால் போதுமா? நிலையத்தை நம்பி வீடு வாங்கியவர் எதை நம்புவது?

தோட்டத்தாரின் நிலை இன்னும் நுட்பமானது. தோட்டவீடு தொழிலாளியின் பெயரில் இல்லை. நிலம் எடுக்கப்பட்டால் நிலத்திற்கான இழப்பீடு உரிமையாளரையே சேரும். ஆதலால் முன்கூட்டி அறிவதே அவருக்குள்ள பாதுகாப்பு.

கேரித் தீவில் துறைமுகம் அமைக்கும் யோசனை 2017-இல் பெரிதாகப் பேசப்பட்டது. அத்தீவுக்குச் செல்லும் பாலம் நம் தெலுக் பங்லிமா காராங் பக்கமே உள்ளது. அதற்கெனச் சாலையோ இருப்புப்பாதையோ வரையப்படுமாயின், முதல் தாள் தோட்டத்துக் கோயில் மண்டபத்தில், பள்ளியும் கடையும் குறிக்கப்பெற்று, தமிழ் விளக்கத்துடன் தொங்க வேண்டும். அதைப் படித்துச் சொல்ல எங்கள் ஆசிரியர்கள் வருவார்கள்.