சாவே (போர்ச்சுகீசியச் சொல்)

சாவே: திறவுகோலைக் குறிக்கும் போர்ச்சுகீசியப் பெண்பால் பெயர்ச்சொல். இலத்தீன் 'கிளாவிஸ்' என்பதன் இரண்டாம் வேற்றுமை வடிவமான 'கிளாவெம்' என்பதிலிருந்து வந்தது. 'மூடு' எனப் பொருள்படும் 'கிளவுதெரே', 'ஆணி' எனப் பொருள்படும் 'கிளாவுஸ்' ஆகியவை அதே வேரின.

இலத்தீனில் சொல்முதலில் வந்த கிள, பிள, ஃபிள என்னும் மூன்று மெய்ம்மயக்கங்களும் மேற்கு ஐபீரியாவில் 'ச்ச' ஒலியாக ஒன்றிப்போயின. 'புளுவியா' (மழை) 'சூவா' ஆயிற்று; 'ஃபிளாம்மா' (தழல்) 'சாமா' ஆயிற்று. ஒரே மூலத்திலிருந்து ஸ்பானியத்தில் 'யாவே', இத்தாலியத்தில் 'கியாவே', பிரெஞ்சில் 'கிளே' என வேறுபட்டது இம்மாற்றத்தின் தனித்தன்மையைத் தெளிவாகக் காட்டுகிறது. வடபோர்ச்சுகலின் சாவெஸ் நகரப் பெயர் திறவுகோலோடு தொடர்பற்றது. 'அக்வே ஃபிளாவியே' என்ற உரோமப் பெயரின் திரிபு அது. எனினும் ஒலிமாற்றம் இதுவே.

பின்னாளில் இலத்தீனிலிருந்து நேரே எடுத்தாண்ட சொற்கள் இம்மாற்றத்துக்கு உட்படவில்லை. இசைக்குறியீட்டைச் சுட்டும் 'கிளாவெ', காறை எலும்பைச் சுட்டும் 'கிளாவீகுலா' (சொற்பொருள்: சிறு திறவுகோல்) ஆகியவை அத்தகையன.

16-ஆம் நூற்றாண்டில் இச்சொல்லின் முதலெழுத்து 'ச்ச' என்றே ஒலித்தது. இன்றைய பொதுவழக்கில் அது 'ஷ' ஆகிவிட்டது. வடபோர்ச்சுகலின் சில வட்டார வழக்குகளில் பழைய ஒலி நீடிக்கிறது. போர்ச்சுகீசியர் வருகைக்குப்பின் இந்திய மொழிகளில் புகுந்த தமிழ்ச் 'சாவி'யும், இந்தி, வங்காள வழக்கிலுள்ள 'சாபி'யும் இதன் வழிவந்தவை.